வண்டி போச்சு, பேர் போகலை

கிராமத்தைப் பற்றி நகரத்து நண்பர்கள் சொல்லும் பாராட்டுகளில் எனக்குக் கசக்கிற பாராட்டு ஒன்று உண்டு. "உங்க ஊர்ல எல்லாம் வாய்ச்சொல்லே போதும்ல? பத்திரம், கையெழுத்து, வக்கீல் எல்லாம் எங்க தலைவிதி" என்பார்கள். தோட்டத்துக்கு வந்து இளநீர் குடித்துவிட்டு, வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி சொல்வார்கள். மறுத்துப் பேசினால் விருந்தாளி மனசு கோணும் என்று சிரித்து வைப்பேன். இங்கே எழுதும்போது அந்தச் சங்கடம் இல்லை. அதனால் போட்டு உடைத்துவிடுகிறேன்.

வாய்ச்சொல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எங்களுக்கே பிடிபடாத இடம் ஒன்று இருக்கிறது. அது பழைய சரக்கு வண்டி விற்கிற இடம். டாடா ஏஸோ, பொலேரோ பிக்கப்போ, பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடின வண்டியைக் கொடுக்கும்போது பணத்தை எண்ணி வாங்குகிறோம், சாவியைக் கொடுக்கிறோம், நாலு பேப்பரில் கையெழுத்துப் போடுகிறோம். விற்றாச்சு என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்குகிறோம். விற்கவே இல்லைங்க. சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி இன்னும் நம்ம வாசலில்தான் நிற்கிறது. ஆர்.சி.யில் பேர் மாறாமல் வண்டியை விடுவதற்கு நம்பிக்கை என்று பேர் வைத்திருக்கிறோம். வாங்குகிறவனுடைய செலவையும் புரோக்கருடைய லாபத்தையும் நம்ம பிடரியில் ஏற்றிக்கொள்வதுதான் அது. பேர் மாறாமல் வண்டியை விடாதீங்க. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வண்டி எங்களுக்கு என்ன என்று தெரிய வேண்டும். டாடா ஏஸ் 2005-ல் வந்தது. ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 702 சிசி, 16 குதிரைத் திறன், ஏற்றுவதற்கு முக்கால் டன். காகிதக் கணக்கு இதுதான். அது நிஜத்தில் ஏற்றின கணக்கை நான் சொன்னால் பிரேக் இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கத்தைப் படித்துவிடுவார். அது வருவதற்கு முன்னால் நாலு கூடை தக்காளியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக லாரிக்காரர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தோம், இல்லை டவுன் பஸ் கண்டக்டரிடம் கெஞ்சினோம். அது வந்த பிறகு விடிகாலை சத்தியமங்கலம் பூ மார்க்கெட், மத்தியானம் புண்ணாக்கு மூட்டை, சாயங்காலம் சந்தையில் வாங்கின கன்றுக்குட்டி என்று ஒரே நாளில் மூன்று நடை. மஞ்சளை ஈரோட்டுக்கு ஏற்றினதும் அதில்தான். கெடா வெட்டுக்குச் சொந்தபந்தத்தை ஏற்றினதும் அதில்தான். குட்டி யானை என்று ஊரே செல்லப்பேர் வைத்தது சும்மா இல்லை.

நிலத்துக்கும் மாட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு சின்ன விவசாயியிடம் இருக்கிற பெரிய சொத்து அதுதான். அது கிழடாகும்போது விற்கத்தான் வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டினால் போதும். அதற்கு மேலே வருஷா வருஷம் காட்டணும். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் டிங்கரிங், பெயின்ட், டயர், லைட் என்று பட்டறையில் காசு இறங்கும். ஒரு கட்டத்தில் வண்டி சம்பாதிப்பதை வண்டியே தின்றுவிடும். அப்போதுதான் "கொடுத்துடலாம்" என்ற முடிவு வரும். பெரும்பாலும் அது பணமுடை நேரமாகவும் இருக்கும். காலேஜ் ஃபீஸ், போர் போடுகிற செலவு, ஆஸ்பத்திரி ஏதாவது ஒன்று. அவசரத்தில் இருக்கிறவன் விற்கிறான், அவசரமே இல்லாதவன் வாங்குகிறான். முதல் கோணல் அங்கேயே ஆரம்பம்.

வாங்க வருகிறவர்கள் வண்டி பார்க்கிற அழகைப் பார்க்கணும். ஆயில் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டுப் புகை தள்ளுகிறதா என்று பார்ப்பார்கள். பின்னாடி தட்டில் ஏறிக் குதிப்பார்கள். கதவை விரல் முட்டியால் தட்டி, பட்டி வைத்துப் பெயின்ட் அடித்ததா என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள். டயரைக் கால் செருப்போடு உதைப்பார்கள். அது எதற்கென்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை. ஸ்டியரிங் ஆட்டம், பட்டை உடைசல், தட்டுக்கு அடியில் துரு எல்லாம் பார்த்து முடிக்க ரெண்டு மணி நேரம். அப்புறம் பேப்பர். "எஃப்.சி. கரண்டா? இன்சூரன்ஸ் கரண்டா? செரி." ரெண்டே நிமிஷம். இரும்பை அவ்வளவு சந்தேகப்படுகிற ஊர் காகிதத்தை மட்டும் சந்தேகப்படாது.

அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் ஓப்பன் ஃபார்ம் வரும். படிவம் 29, படிவம் 30 என்று ரெண்டு இருக்கிறது. 29 என்பது வண்டியை இன்னாருக்கு விற்றுவிட்டேன் என்று விற்கிறவர் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொடுக்கும் தகவல். 30 என்பது பேரை மாற்றித் தரச் சொல்லும் விண்ணப்பம், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியது. கன்சல்டிங்காரரோ புரோக்கரோ இந்த ரெண்டிலும் நம்ம கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்வார். வாங்குகிறவர் பேர் எழுதும் இடம் காலி. தேதி காலி. வெற்று பாண்டு பேப்பரில் கையெழுத்துப் போடுவானா என்று கேட்டால் ஊரில் எவனும் "மாட்டேன்" என்பான். இதில் மட்டும் குனிந்து, காட்டின இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு நிமிர்வான்.

ஏன் காலியாக வாங்குகிறார்கள்? அவர் பேருக்கு ஒரு தடவை மாற்றி, பிறகு வாங்க வருகிறவர் பேருக்கு இன்னொரு தடவை மாற்றினால் ரெண்டு செலவு, ரெண்டு அலைச்சல். செகண்ட் ஓனர் வண்டி தேர்ட் ஓனர் ஆனால் விலையும் இறங்கும். காலி ஃபார்ம் இருந்தால் வண்டி எத்தனை கை மாறினாலும் கடைசியில் எவன் மாற்றிக்கொள்கிறானோ அவன் பேரை எழுதிக்கொள்ளலாம். கடைசி ஆளும் மாற்றிக்கொள்ளவில்லை என்றால்? அப்போது நாம்தான் ஓனர். வண்டி எந்த ஜில்லாவில் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார், லைசென்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் கட்டினாரா, ஒன்றுமே தெரியாத ஓனர்.

சட்டம் இதில் மூடி மறைத்துப் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு, மாநிலத்துக்குள்ளேயே விற்றால் விற்றவர் 14 நாளைக்குள் தகவல் கொடுக்கணும், வாங்கினவர் 30 நாளைக்குள் பேர் மாற்ற விண்ணப்பிக்கணும் என்கிறது. இதே சட்டம் ஓனர் என்றால் யார் என்றும் சொல்கிறது. யார் பேரில் பதிவாகி இருக்கிறதோ அவர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு ஒன்று இருக்கிறது. 2007-ல் ஒருவர் தன் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறிப் போனது. யாரும் ஆர்.சி. மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு உயிர் போனது. முதலில் விற்றவர், "நான் விற்று ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார். பதிவில் அவர் பேர்தான் இருக்கிறது, இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதைக் கேட்டதும் நீதிமன்றத்தைத் திட்டத் தோன்றும். திட்டாதீர்கள். அடிபட்டுக் கிடக்கிறவன் குடும்பம், வண்டி யாரிடம் இருந்து யாருக்குப் போச்சு என்று ஊர் ஊராகத் தேடி அலைய முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் நியாயம். அந்த நியாயம் சரியானது. ரோட்டில் அடிபடுகிறவனும் நம்மை மாதிரி ஒருத்தன்தான். டிவிஎஸ் ஃபிஃப்டியில் பால் கேனோடு போகிறவன்தான். அவனுக்கு யாராவது பதில் சொல்லியாகணும். அந்த யாரோ ஒருவர் நாமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் பேரை மாற்றச் சொல்கிறேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், எனக்கு அண்ணன் முறை. பொண்ணுடைய காலேஜ் ஃபீஸுக்காக வண்டியைக் கொடுத்தார். டவுனில் ஒரு கன்சல்டிங்கில் ஓப்பன் ஃபார்ம் போட்டுக் கொடுத்தார். ஒரு ஜெராக்ஸ்கூட எடுத்து வைக்கவில்லை. ரெண்டரை வருஷம் கழித்து, வேறொரு ஜில்லாவில் இருக்கிற விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தது. வண்டி ஒரு பைக்காரர் மேல் மோதி அவருக்குக் கால் போய்விட்டது. இன்சூரன்ஸ் தீர்ந்து மாசக்கணக்கில் ஆகியிருக்கிறது. கன்சல்டிங்காரரிடம் ஓடினார். "நான் அன்னிக்கே வேற பார்ட்டிக்குத் தள்ளிட்டனுங்க. அவரு நம்பரு இப்ப போக மாட்டேங்குது" என்று பதில் வந்தது.

"அந்த வண்டியக் கண்ணுல பார்த்தே ரெண்டரை வருஷம் ஆச்சுங்க சார்" என்று அண்ணன் வக்கீலிடம் சொன்னார். வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். "ஆர்.சி. யார் பேர்ல இருக்குங்க?" அதற்குப் பிறகு அண்ணனிடம் பேச்சில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடிகாலை பஸ் ஏறி, ராத்திரி திரும்புகிறார். அன்றைக்குத் தோட்டத்து வேலை கெட்டது. கறவை மாடு ஒன்று வக்கீல் ஃபீஸுக்குப் போய்விட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்தக் குட்டி யானை விற்ற பிறகும் பொன் கேட்கிறது.

விபத்து மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அந்த வண்டியில் ரேஷன் அரிசி கடத்தினாலோ, ராத்திரியில் மணல் அள்ளினாலோ, வண்டி பிடிபட்டதும் நம்பரைப் போட்டுப் பார்த்து முதலில் தேடி வருவது ஆர்.சி.யில் இருக்கிற பேரைத்தான். ஹெல்மெட் போடாமல் பல்சர் ஓட்டினவனுக்கு வருவது மாதிரி, ஓவர் லோடுக்கும் ஓவர் ஸ்பீடுக்கும் சலான் நம்ம மொபைலுக்கு வரும். லோன் முடியாத வண்டியை "மீதி டியூ நான் கட்டிக்கறேன்" என்று ஒருத்தர் எடுத்துக்கொண்டு போய்க் கட்டாமல் விட்டால், கெடுவது நம்ம சிபில். அடுத்த வருஷம் டிராக்டர் லோனுக்கோ பையன் படிப்பு லோனுக்கோ போய் நிற்கும்போது பேங்க்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார்.

எங்க ஆட்கள் ஏன் இதில் இவ்வளவு அசட்டையாக இருக்கிறார்கள் என்று நான் யோசித்தது உண்டு. மாட்டு வியாபாரப் பழக்கம்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவோம். பேசி முடித்துப் பணம் கைமாறினால் அதோடு சரி. மாட்டை ஓட்டிக்கொண்டு போன பிறகு அது எவனை முட்டினாலும் விற்றவன் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். மாட்டைக் கொடுத்தாலும் கயிறைக் கொடுக்கக் கூடாது என்று பழைய கயிறை அவிழ்த்து நாமே வைத்துக்கொள்கிற வழக்கமும் எங்க பக்கம் உண்டு. கட்டுத்தறி ராசி போகக் கூடாது என்பதற்காக. வண்டியிலும் அதேதான் செய்கிறோம். வண்டியை ஓட்டிவிட்டுக் கயிறை வைத்துக்கொள்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், இந்தக் கயிறின் ஒரு முனை ஓடுகிற வண்டியில் இருக்கிறது, மறுமுனை நம்ம கழுத்தில் இருக்கிறது.

அதே ஆட்கள் நிலம் என்றால் எப்படி இருக்கிறார்கள் பாருங்கள். ஒரு சென்ட் வாங்க வேண்டுமானால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். பங்காளி கையெழுத்து, பட்டா, சிட்டா, அளவு எல்லாம் கேட்பார்கள். பத்திரப் பதிவு ஆபீசில் கூடப்பிறந்த அண்ணனையே நம்ப மாட்டார்கள். அங்கே யாரும் "என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொள்வதில்லை. நிலத்துக்குக் காகிதம் கேட்டால் விவரமானவன், வண்டிக்குக் காகிதம் கேட்டால் மனுஷனை மதிக்காதவன். இது என்ன கணக்கு?

இந்தப் பேச்சை நான் போன வருஷம் நேரில் வாங்கிக்கட்டினேன். எங்க தோட்டத்து 2012 மாடல் ஏஸைக் கொடுக்க முடிவு பண்ணியிருந்தேன். தெரிந்த புரோக்கர் ஒருவர், எங்க அப்பா காலத்துப் பழக்கம், வெளியூர் பார்ட்டியைக் கூட்டி வந்தார். 1,35,000 ரூபாய், அன்றைக்கே ரொக்கம். "ஃபார்ம்ல மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு தம்பி" என்றார். "பேர் மாத்திக்கட்டுங்கண்ணா, மறுநிமிஷம் வண்டி அவங்களுது" என்றேன். பார்ட்டி முகம் சுருங்கியது. புரோக்கர் என்னைத் தனியாக அழைத்துப்போய், "உங்கப்பா இருந்தா இப்படிப் பேசுவாரா?" என்று கேட்டார். சித்தப்பா திண்ணையில் இருந்தே குரல் கொடுத்தார். "ஏன்டா, ஊர்ல இல்லாத சட்டம் பேசற? வந்த லட்சுமிய வாசல்ல நிக்க வெச்சுக்கிட்டு!"

பார்ட்டி போய்விட்டது. வண்டி அஞ்சு வாரம் தென்னை மரத்தடியில் நின்றது. பேட்டரி இறங்கியது. ஒரு மட்டை விழுந்து கேபின் கூரை நசுங்கியது. சித்தப்பா தினமும் ஒரு தடவை அந்தப் பக்கம் நடந்து போய், வண்டியைப் பார்த்து, என்னைப் பார்த்துவிட்டுப் போவார். கடைசியில் எங்க தாலுகாவிலேயே காய்கறி வியாபாரம் பண்ணுகிற ஒரு பையன் வந்தான். விலை 1,22,000. அட்வான்ஸ் கொடுத்தான். ரெண்டு பேரும் ஃபார்மை முழுசாக நிரப்பினோம். விண்ணப்பம் போட்டுக் கட்டணம் கட்டி, பேர் மாறினது தெரிந்த பிறகுதான் மீதிப் பணமும் சாவியும் கைமாறின. 13,000 ரூபாய் குறைவு. அஞ்சு வாரம் தாமதம். அண்ணன் ஒரு வாய்தாவுக்கு அலைவதைப் பார்த்த எனக்கு அந்தப் பதிமூன்றாயிரம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பையன் இன்றைக்கும் வழியில் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். வண்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குவதில்லை.

இதற்கு எதிராகச் சொல்கிறவர்கள் பேச்சையும் ஒதுக்கிவிடக் கூடாது. "ஏழை பாழை வாங்கறான். வண்டி வாங்கவே நகையை அடகு வெச்சிருக்கான். பேர் மாத்தற செலவுக்கு எங்க போவான்? ரெண்டு மாசம் ஓட்டிச் சம்பாதிச்சு மாத்திக்குவான்" என்பார்கள். இது பொய்யான பேச்சு இல்லை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படி இரக்கம் இருந்தால் விலையில் அஞ்சாயிரம் குறைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காசில் பேரை மாற்றிக்கொள்ளட்டும். பேர் மாறாத வண்டி அவனுக்கும் நல்லதில்லை. விற்றவர் இறந்துபோனால் வாரிசுகள் கையெழுத்துக்கு அலையணும். இன்சூரன்ஸ் வேறொருவர் பேரில் இருந்தால் வண்டி சேதத்துக்குப் பணம் கேட்கும்போது தகராறு. நாளைக்கு ஒரு அவசரம் என்றால் அவன் பேரில் இல்லாத வண்டியை வைத்துக் கடன் வாங்க முடியாது. இரக்கம் என்ற பேரில் அவனையும் சேர்த்துத்தான் கவிழ்க்கிறோம்.

"வியாபாரிக்கு ஒவ்வொரு வண்டியையும் தன் பேருக்கு மாத்தக் கட்டுப்படியாகுமா?" என்பது ரெண்டாவது கேள்வி. நியாயமான கேள்வி. அரசாங்கமே அதற்கு வழி செய்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம், அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் தகவல் கொடுத்துவிட்டால் அது அவர் கையில் இருக்கும் வரைக்கும் வண்டிக்குப் பொறுப்பு அவர்தான் என்று 2023 ஏப்ரலில் இருந்து விதி இருக்கிறது. பேர் மாற்றாமலே வியாபாரம் பண்ண நேரான வழி. நான் நாலு கன்சல்டிங்கில் "அங்கீகாரம் இருக்குங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். ரெண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தர் டீ சொன்னார், ஒருத்தர் "நீங்க வக்கீலுங்களா?" என்றார். ஓப்பன் ஃபார்ம் சும்மா கிடைக்கும் வரைக்கும் அங்கீகாரத்துக்கு எதற்காகக் காசு கட்டப் போகிறார்கள்? அவர்கள் மாற வேண்டுமானால் நம்ம கையெழுத்து நிற்கணும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. விற்றவன் 14 நாளில் தகவல் கொடுத்தாலும், வாங்கினவன் விண்ணப்பிக்காமல் ஆர்.சி.யில் பேர் மாறாது. அதாவது தன் கடமையைச் செய்தவனும் செய்யாதவனை நம்பித்தான் இருக்கணும். வாங்கினவர் பேர், ஆதார், தேதி, நேரம் எல்லாவற்றோடும் விற்றவன் கொடுக்கிற தகவலை அன்றைக்கே பதிவில் ஏற்றி, வாங்கினவன் மொபைலுக்கு ஓடிபி அனுப்பி உறுதி பண்ண வைத்தால் இந்தக் கதை முடிந்துவிடும். ஒரு செல்போன் சிம்முக்கு முடிகிற காரியம் ஒரு டன் இரும்புக்கு ஏன் முடியாது? கலிஃபோர்னியாவில் வண்டி விற்றவர் அஞ்சு நாளைக்குள் பொறுப்பு விலகல் அறிவிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. நாம் கேட்பது ஒன்றும் ஆகாயத்தில் இருக்கிற காரியம் இல்லை.

அது வரும் வரைக்கும் நாமேதான் பார்த்துக்கொள்ளணும். தெரிந்ததைச் சொல்கிறேன். லோன் இருந்த வண்டியானால், முதலில் ஃபைனான்ஸில் இருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி ஹெச்.பி. கேன்சல் பண்ணுங்க. கடன் கட்டி முடித்தால் அது தானாகப் போய்விடாது. ஆர்.சி.யில் உங்க இப்போதைய மொபைல் நம்பர் இருக்கிறதா பாருங்க. 29, 30 ரெண்டையும் முழுசாக நிரப்பின பிறகே கையெழுத்துப் போடுங்க. வாங்குகிறவர் ஆதார் நகல், போட்டோ வாங்குங்க. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்க. சாவி கொடுக்கும்போது தேதியோடு மணியையும் எழுதி டெலிவரி ரசீது போடுங்க. அன்றைக்குக் காலையில் நடந்தது உங்க கணக்கு, சாயங்காலம் நடந்தது அவர் கணக்கு. பணத்தைப் பேங்க் வழியாக வாங்குங்க. ரெண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்க, இல்லாவிட்டால் அவர் தாண்டுகிற டோலுக்கு நீங்க கட்டுவீங்க. இன்சூரன்ஸைத் தன் பேருக்கு மாற்ற வாங்கினவர் 14 நாளைக்குள் கம்பெனிக்கு எழுதணும், ஞாபகப்படுத்துங்க. பேர் மாறும் வரைக்கும் கொஞ்சம் பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும், வண்டியை நீங்க வைத்துக்கொள்ளுங்க.

இதெல்லாம் ஊர்க்காரனுக்குச் சொல்லும் புத்தி, நமக்கென்ன என்று நகரத்து நண்பர்கள் நினைத்தால், உங்களிடம்தான் கடைசிப் பேச்சு. எங்க பழைய வண்டிகளை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் உங்க ஊர்தான். தண்ணி கேன் போடுகிறவர், கேட்டரிங்காரர், வீடு காலி பண்ணிக் கொடுக்கிறவர். "பணம்தான் குடுத்தாச்சே, ஆர்.சி.ய மெதுவா மாத்திக்கலாம்" என்று சொல்கிற குரலுக்குக் கிராமத்து உச்சரிப்பே இருப்பதில்லை. எங்க வாய்ச்சொல்லைப் பாராட்டுகிறவர்கள் அதை வைத்து எங்களுக்கு நோட்டீஸ் வர வைக்காமல் இருந்தால் போதும். பாராட்டுக்கூட வேண்டாம்.

இன்னொன்று. நாலு வருஷத்துக்கு முன்னால் புது ஸ்கூட்டர் எடுக்கும்போது பழசை ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு விட்டீங்களே, அங்கே ஒரு பையன் பேனாவால் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டீங்களே, அந்த நம்பர் ஞாபகம் இருக்கா? எம்-பரிவாகன் செயலியில் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. பேரில் சில எழுத்தை மறைத்துத்தான் காட்டும். மறைத்தாலும் அது உங்க பேரா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாமல் போகாது.